படகுல கம்ப்யூட்டரும் டேராடூன்ல கடலும்

சின்னப் படகுல வழி பாக்கறதுக்கு கம்ப்யூட்டர் வைக்கறது எப்படின்னு மூணு பேர் மடல் போட்டுக் கேட்டிருந்தீங்க. (அதுல ரெண்டு பேருகிட்ட படகே கிடையாது. சும்மா தெரிஞ்சுக்கவாம். வாழ்க உங்கள் ஆர்வம் :-)) எப்படின்னும் சொல்றேன். ஆனா இது முழுக்க செய்முறைப் பதிவு இல்லை. எனக்கு ஒரு கோபம் இருக்கு. அதுக்கு வந்து சேர கொஞ்சம் வயர், பேட்டரி, உப்புத்தண்ணி எல்லாம் தாண்டி வரணும். பொறுமை இல்லாதவங்க கீழே இறங்கிப் போய் படிச்சுக்குங்க.

முதல்ல ஆள் யாரு, படகு எது. என் அக்கா வீட்டுக்காரர் பாம்பன்ல ஒரு 32 அடி ஃபைபர் படகு வச்சிருக்கார். டீசல் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட், பின்னாடி டெலிபோன் பூத் சைஸ்ல ஒரு கேபின். வழிக்கு அவரிடம் இருந்தது கையடக்க ஜிபிஎஸ் ஒண்ணு, பாக்கெட்ல ஒரு செல்போன், மரப்பெட்டியில ஒரு திசைகாட்டி. போதாதான்னா போதும். முப்பது வருஷமா போயிட்டு வந்துட்டுத்தானே இருக்கார்? ஆனா கண்ணு முன்ன மாதிரி இல்லை. "மாப்ள, எழுத்து பெருசா தெரியற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு"ன்னார். பொட்டி தட்டுற மச்சினன் இருந்தா இதுதானே வசதி.

இந்த விஷயத்துல இறங்குற எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த சாஃப்ட்வேர்?"னுதான். என்னைக் கேட்டா அது கடைசிக் கேள்வி. ஓப்பன்சிபிஎன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பாய்மரப் படகுக்காரங்க தங்களுக்காக எழுதி, ஊருக்கே கொடுத்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ராஸ்பெர்ரி பை எதுல வேணும்னாலும் ஓடும். அதைப் போட்டுக்குங்க, முடிஞ்சது. இதுக்கு மேல அதைப் பத்தி ஒரு பாரா எழுதறது வெட்டி வேலை.

முதல் கேள்வி கரண்டு. படகுல இருக்கறது 12 வோல்ட் பேட்டரி. வீட்டு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா அதுக்கு இன்வெர்ட்டர் வேணும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, திரும்ப அதை 19 ஆக்கி... தஞ்சாவூர் போறதுக்கு டெல்லி வழியா டிக்கெட் எடுக்கற கதை. லேப்டாப் 40 வாட் குடிக்கும்னா இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் குடிக்கும். ராஸ்பெர்ரி பை 4 சுமார் 5 வாட்ல வேலையை முடிச்சிரும். திரை ஒரு 7, 8 வாட். ஆக மொத்தம் 12 வோல்ட்ல ஒரு ஆம்பியர் சொச்சம்தான். ராத்திரி முழுக்க ஓடினாலும் காலைல எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கடல்ல அதானே முக்கியம்?

ஆனா அந்த 12 வோல்ட் பேருக்குத்தான் 12. எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14.4 வரைக்கும் போகும். செல்ஃப் அடிக்கிற நொடியில தடால்னு இறங்கும். அந்த ஒரு நொடியில கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்கும். ரெண்டு மூணு தடவை இப்படி அணைஞ்சா மெமரி கார்டு கோவிந்தா. அதனால நல்ல டிசி கன்வெர்ட்டர் ஒண்ணு (உள்ளே வர்ற வோல்டேஜ் எப்படி ஆடினாலும் வெளிய 5 வோல்ட்டை ஒழுங்கா குடுக்கறது), முடிஞ்சா கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு குட்டி பேட்டரி. கார்டுல எதுவும் எழுத முடியாதபடி பூட்டி வைக்கற வசதி லினக்ஸ்ல இருக்கு, அதையும் போட்டுடுங்க. போன வழி, ஆழக் கணக்கு மாதிரி எழுதியே ஆக வேண்டியதுக்குத் தனியா ஒரு பென்டிரைவ். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடணும், கம்ப்யூட்டர் பக்கத்துல இல்லை. நடுவுல வயர் உரசினா எரியறது படகு.

வயரும் சாதா செம்பு வயர் வேண்டாம், வெள்ளீயம் பூசினது வாங்குங்க. உப்புக்காத்து சாதா வயருக்குள்ள புகுந்து உள்ளுக்குள்ளயே பச்சையாக்கிடும். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும்.

திரை பத்தி ஒரே ஒரு வார்த்தை: டச் ஸ்கிரீன் வாங்காதீங்க. உப்புத்தண்ணி நாலு சொட்டு விழுந்தா பேய் புடிச்ச மாதிரி தன்னால ஜூம் ஆகும், மெனு திறக்கும். நாலு தடிமனான பட்டன் போதும். வெயில்ல தெரியணும்னா 1000 நிட்ஸ் வெளிச்சம் வேணும், சாதா லேப்டாப் திரையில அதுல மூணுல ஒரு பங்கு கூட இருக்காது. நேர்மாறா ராத்திரில திரை மங்கலா சிவப்பா இருக்கணும். இருட்டுக்குப் பழகின கண்ணு ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பாத்தா, திரும்பப் பழக இருபது நிமிஷம் அரை மணி ஆகும். அந்த நேரத்துல முன்னாடி விளக்கில்லாம ஒரு வள்ளம் வந்தா? இன்னொண்ணு: பெட்டியையும் ஸ்பீக்கரையும் திசைகாட்டி பக்கத்துல மாட்டக் கூடாது. எல்லாத்தையும் ஆன் பண்ணி, ஆஃப் பண்ணி முள்ளு அசையுதான்னு பாருங்க. அசைஞ்சா இடத்தை மாத்துங்க.

சரி, இப்போ ஜிபிஎஸ். யூஎஸ்பியில சொருகற, வடை சைஸ் கருவி போதும். ஃபைபர் கூரைக்குக் கீழேயே சிக்னல் எடுக்கும். அது கம்ப்யூட்டருக்கு அனுப்பறது வெறும் எழுத்து வரிகள்தான், நொடிக்கு ஒரு தடவை. அதுல ஆர்எம்சின்னு ஒரு வரி. அந்த வரிக்குள்ள ஒரே ஒரு எழுத்து வரும். 'ஏ'ன்னா நான் சொல்ற இடம் சரி. 'வி'ன்னா எனக்குத் தெரியலை, நம்பாதே. இந்த மொத்த சமாச்சாரத்துலயும் எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த ஒத்தை எழுத்துதான். தெரியலைன்னு சொல்லத் தெரிஞ்ச கருவி!

அதை யாரும் கவனிக்கலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு 1995 ஜூன்ல ராயல் மெஜஸ்டின்னு ஒரு உல்லாசக் கப்பல் பாடம் நடத்திச்சு. பெர்முடாவுலேர்ந்து பாஸ்டன் போற வழி. கிளம்பின கொஞ்ச நேரத்துல ஜிபிஎஸ் ஆன்டெனா வயர் கழண்டுருச்சு. கருவி நின்னு போகலை. வேகத்தையும் திசையையும் வச்சு, இங்கதான் இருப்போம்னு ஊகிச்சு இடம் காட்டிட்டே இருந்துச்சு. ஊகம்ங்கறதை ஒரு மூலையில குட்டியா எழுதியும் காட்டிச்சு. முப்பது மணி நேரத்துக்கு மேல ஒருத்தரும் அதைப் பாக்கலை. நான்டுக்கெட் பக்கத்துல மணல்திட்டுல போய் ஏறி உக்காந்தப்போ கப்பல் போக வேண்டிய வழியை விட்டு சுமார் 17 மைல் தள்ளி இருந்துச்சு. பெரிய கப்பல், படிச்ச ஆபீசர்கள். அதனால மச்சான் படகுல 'ஏ' போய் 'வி' வந்தா பத்து நொடியில ஹாரன் அடிக்கிற மாதிரி வச்சிருக்கேன். லாரி ஹாரன். பக்கத்துப் படகுக்காரங்க திட்டறாங்களாம், பரவால்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கரண்டு சரி, கருவி சரி, இடம் ஏழெட்டு மீட்டருக்குள்ள துல்லியமா வருது. ஆனா திரையில அந்தப் புள்ளிக்குக் கீழே என்ன படம் இருக்கு? அதுதானே வரைபடம். அந்தப் படம் தப்பா இருந்தா, புள்ளி எவ்வளவு துல்லியமா இருந்தும் என்ன பிரயோசனம்?

2013 ஜனவரியில கார்டியன்னு ஒரு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பிலிப்பைன்ஸ்ல துபத்தஹா பவளப்பாறையில ஏறிச்சு. அவங்க வச்சிருந்த டிஜிட்டல் வரைபடத்துல அந்தப் பாறை சுமார் 8 கடல் மைல் தள்ளிப் போட்டிருந்துச்சு. வேற அளவுல இருந்த இன்னொரு படத்துல சரியா இருந்துச்சு, ரெண்டையும் ஒத்துப் பாக்கலை. கடைசில கப்பலைத் துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்க முடிஞ்சுது. அடுத்த வருஷம் நவம்பர்ல, உலகத்தைச் சுத்தற பாய்மரப் பந்தயத்துல டீம் வெஸ்டாஸ் விண்ட்ங்கற படகு, இந்தியப் பெருங்கடல்ல கார்கடோஸ் கரஜோஸ் திட்டுல ராத்திரி நேரத்துல மோதிச்சு. அவங்க வரைபடத்துல திட்டு இருந்துச்சு. ஆனா ஜூம் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்! தூரத்துல வச்சுப் பாத்தா ஆழ்கடல் மாதிரி காட்டும். ஒன்பது பேரும் பொழச்சது புண்ணியம்.

நம்ம பாக் நீரிணைக்கு வாங்க. தண்ணி பல இடத்துல சில மீட்டர்தான். ராமர் பாலம் பக்கம் மணல் இடம் மாறிட்டே இருக்கும். இதுக்கு நடுவுல ஒரு கோடு வேற. கண்ணுக்குத் தெரியாத கோடு. 1974ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல ஆறு புள்ளிகளை அட்சரேகை தீர்க்கரேகையா குடுத்து, இதை எல்லாம் சேர்த்தா வர்றதுதான் எல்லைன்னு எழுதியிருக்காங்க. மன்னார் வளைகுடாவுக்கு 1976ல இன்னொரு ஒப்பந்தம். தனுஷ்கோடி முனையிலேர்ந்து அந்தக் கோடு சுமார் 10 கிலோமீட்டர்தான். தாண்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு போகும், ஆள் உள்ள போவான், வீட்டுல பொம்பளைங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காருவாங்க.

இங்க ஒரு நுணுக்கம். ஜிபிஎஸ் பூமியை அளக்கற முறைக்கு டபிள்யூஜிஎஸ் 84னு பேர். 84ங்கறது 1984. ஒப்பந்தம் 1974. பழைய காலத்து இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட்ங்கற வேற அளவுமுறையில போட்டது. ஒரே எண்ணை ரெண்டு முறையிலயும் குறிச்சா நூத்துக்கணக்கான மீட்டர் விலகும். அதனால கோட்டைத் திரையில மெல்லிசா சிவப்பா வரைஞ்சு "இதுக்கு இந்தப் பக்கம் பத்து மீட்டர் தள்ளி நின்னா போதும்"னு நினைக்கறது தற்கொலை. நான் ஒரு கடல் மைலுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கிற மாதிரி வச்சேன். ஓப்பன்சிபிஎன்ல அதுக்கு ஒரு செருகுநிரல் இருக்கு. மச்சான் உடனே கேட்டார்: "வலை விட்டு எஞ்சினை நிறுத்திட்டா?" சரியான கேள்வி. நீவாடு ரெண்டு நாட் வேகத்துல இழுத்தா அரை மணி நேரத்துல ஒரு கடல் மைல் போயிடும். ஆளு தூங்கறான், படகு போகுது. அதனால தூரத்தோட நேரத்தையும் சேர்த்தாச்சு. இப்படியே போனா முக்கால் மணி நேரத்துல கோடு வரும்னா, கத்து.

(பல பேர் தெரியாமப் போறதில்லை, தெரிஞ்சேதான் போறாங்கன்னு நீங்க சொல்ல வர்றது புரியுது. உண்மைதான். மீனுக்கு ஒப்பந்தம் தெரியாது, கடன்காரனுக்கும் தெரியாது. அது தனிப் பதிவு. நான் பேசறது போக விரும்பாதவனைப் பத்தி.)

இவ்வளவும் பண்ணிட்டு, சரி நம்ம கரையோர அதிகாரபூர்வ வரைபடத்தைப் போடுவோம்னு தேடினேன். இந்தியாவோட கடல் வரைபடங்களைத் தயாரிக்கிற தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் எங்க இருக்கு தெரியுமா? டேராடூன்ல! கப்பல்கள் போய் அளந்துட்டு வருது, இமயமலை அடிவாரத்துல உக்காந்து வரையறாங்க. இருக்கட்டும், எங்க உக்காந்து வரைஞ்சாலும் நல்லாவே வரையறாங்க. கடற்படைக்காரங்க வேலையில குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனா அந்த மின்வரைபடம் காசுக்குத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா வாங்கணும். புதுப்பிக்கணும். பூட்டு போட்டது, சாவி வேணும். கப்பல் கம்பெனிக்கு அது டீச்செலவு. 32 அடி படகுக்காரன் அந்த ஆங்கில விண்ணப்பத்தைப் பாத்ததுமே எழுந்து வந்துருவான்.

அமெரிக்காவுல நோவான்னு ஒரு அரசு அமைப்பு. அவங்க கரை முழுக்க மின்வரைபடத்தை இலவசமா வச்சிருக்காங்க. பாம்பன்ல உக்காந்து நான் அஞ்சு நிமிஷத்துல நியூயார்க் துறைமுகத்தோட ஆழம், மிதவை, கேபிள் போற வழி எல்லாம் இறக்கிட்டேன். ஓப்பன்சிபிஎன்ல அழகா திறக்குது. பாம்பன் கால்வாய்க்கு அப்படி இல்லை. மக்கள் வரிப்பணத்துல அளந்தது மக்களுக்குங்கறது அவங்க கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு புரியுது.

இன்னொரு கூத்து கேளுங்க. 2024ல இஸ்ரோ விஞ்ஞானிகள் ராமர் பாலத்தோட கடலடி வரைபடத்தை வெளியிட்டாங்க. 29 கிலோமீட்டர் நீளத் திட்டை 10 மீட்டர் நுணுக்கத்துல வரைஞ்ச நல்ல வேலை. நான் ரசிச்சுப் படிச்சேன். அதுக்கு எங்கேர்ந்து தரவு எடுத்தாங்க? நாசாவோட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள். அமெரிக்காக்காரன் யார் வேணும்னாலும் எடுத்துக்கோன்னு வெளிய போட்ட தரவு. அவன் திறந்து வச்சதால நம்ம வீட்டு வாசலோட படம் நமக்குக் கிடைச்சுது.

"பாதுகாப்பு"ன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். யோசிச்சுப் பாருங்க. காசு குடுத்தா எந்த நாட்டுக் கொடி கட்டின கப்பலுக்கும் அந்த வரைபடம் கிடைக்குது. கிடைக்கணும், இல்லாட்டி தூத்துக்குடிக்கு எப்படி வரும்? அப்போ எதிரி நாட்டுக்காரன் வாங்கிக்கலாம், ரெண்டாயிரம் ரூபா மீனோட கரை திரும்பறவன் வாங்க முடியாது. இதுல யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு? 2021 பிப்ரவரியில தரை வரைபடங்களுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தினாங்க. நல்ல காரியம். தரையில நடக்கறவன் வழி தவறினா டீக்கடையில கேட்டுப்பான். கடல்ல கேக்க ஆள் ஏது?

செலவு பத்தி ஒரு வாதம் வரும். கப்பல் கம்பெனிகிட்ட வாங்கற காசை வாங்கட்டும், அதை நான் வேண்டாங்கலை. நான் கேக்கறது கரையோரப் படகுகளுக்கு, மீன்வளத்துறையில பதிவு செஞ்ச படகுகளுக்காவது, பூட்டு இல்லாத ஒரு கோப்பு. ஆழம், பாறை, மூழ்கின கப்பல், கலங்கரை விளக்கம், அந்த எல்லைக்கோடு. கோட்டை யாரோ ஒரு மச்சினன் ஒப்பந்தத்தைப் படிச்சு வரையக் கூடாது. ரெண்டு அரசாங்கமும் ஒத்துக்கிட்ட கோட்டை, இந்த அளவுமுறையில இதுதான்னு கையெழுத்துப் போட்டு ஒரு அரசு அலுவலகம் தரணும். தப்பிப் போனா ஜெயில்னு சொல்றவங்க, எது எல்லைன்னு கோப்பு குடுக்க வேண்டாமா?

ஒக்கி புயல் அடிச்சது 2017 நவம்பர் கடைசியில. அதுக்கப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி கொண்டு வந்தாங்க. செயற்கைக்கோள் வழியா புயல் எச்சரிக்கை, மீன் இருக்கற இடம் எல்லாம் ஆழ்கடல்ல இருக்கற படகுக்கே வரும். அது ஒருவழிதான், படகுலேர்ந்து திரும்பப் பேச முடியாது. ஆனாலும் உருப்படியான காரியம். சேதி அனுப்ப மனசு வந்தவங்களுக்கு வரைபடம் அனுப்பவும் மனசு வரும்னு நம்பறேன். நூத்துக்கணக்கான பேர் செத்த பிறகுதான் வரணும்னு இல்லை.

அது வர்ற வரைக்கும் என்ன பண்றது? மச்சான் படகுல இப்போ மூணு அடுக்கு இருக்கு. ஐரோப்பாவோட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், தெளிஞ்ச நாள்ல மணல்திட்டு எங்க நகர்ந்திருக்குன்னு தெரியும். அதை வெட்டி ஓட்டி அடியில போட்டிருக்கேன். மேலே ஓப்பன்சீமேப்னு தன்னார்வலர்கள் வரைஞ்ச விளக்கு, மிதவைக் குறிகள். அதுக்கு மேலே அவரே வரையற அடுக்கு. படகுல எதிரொலி வச்சு ஆழம் பாக்கற கருவி ஏற்கனவே இருந்துச்சு, அதோட வரியையும் கம்ப்யூட்டருக்கு இழுத்துட்டேன். அவர் போற வழியெல்லாம் இடமும் ஆழமும் பதிவாகுது. ஆழத்தை மீட்டர்ல காட்டினா முகம் சுளிச்சார். ஓப்பன்சிபிஎன்ல ஃபேதம்னு ஒரு அளவு இருக்கு, மாத்தி விட்டேன். "அட, பாகம்!"னார். ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம். ஊர் உலகம் முழுக்க மீனவன் உடம்பாலதான் கடலை அளந்திருக்கான் போல.

இன்னும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் கண்ணால கோடு சேர்த்துத்தான் இடம் பிடிக்கறார். திரையை அதோட ஒத்துப் பாத்து "பரவால்ல, உன் பொட்டி சரியாத்தான் சொல்லுது"ன்னு சர்டிபிகேட் குடுக்கறார். அப்படித்தான் இருக்கணும்.

ஒரு கேள்வி மட்டும் முதல் நாளே கேட்டார். "நான் போன இடத்தையெல்லாம் இது எழுதி வைக்குதே, அதை யார் பாப்பாங்க?" இங்கிருந்து யாரும் பாக்க முடியாது, பெட்டிக்கு இன்டர்நெட்டே கிடையாதுன்னேன். கோடு தாண்டலைங்கறதுக்கு அது சாட்சி ஆகலாம். தாண்டினதுக்கும் ஆகலாம். ரெண்டுல எதுன்னு முடிவு பண்றது படகுக்காரர் கையில இருக்கட்டும்னு அழிக்கிற பட்டனையும் அவர்கிட்டயே விட்டுட்டேன். அவர் அழிக்கலை. அழிக்கலை, ஆனா அந்த ஆழக் கணக்கு இருக்கற பென்டிரைவை எனக்கும் காப்பி குடுக்க மாட்டேங்கறார். மீன் படியற பார் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு அதுல இருக்காம். மச்சினனா இருந்தா என்ன, அதெல்லாம் வெளிய போகக் கூடாதாம்!